அட்ரினலின் கால்சியம் கரண்ட்டைக் கூட்டினால் ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் ஏன் நீளவில்லை?

தேன்சிட்டு

எல்லாருக்கும் வணக்கம். உடலியங்கியல் முதுகலை முதல் வருஷம் படிக்கிறேன். ஒரு விஷயம் மண்டையைக் குடையுது.

நார்அட்ரினலின் வென்ட்ரிக்கிள் (இதயக் கீழறை) செல்லுல எல்-வகை கால்சியம் கரண்ட்டைக் கூட்டும்னு பாடத்துல இருக்கு. ஆக்‌ஷன் பொட்டென்ஷியலோட, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுல எழுற மின் அலையோட, சமதளத்தைத் தாங்கிப் பிடிக்கிறதே அந்தக் கரண்ட்தான். அது கூடினா சமதளம் நீளணும், இசிஜியில க்யூடி இடைவெளியும் நீளணும். ஆனா ஓடுறவங்களுக்கு க்யூடி சுருங்குது. துடிப்பு வேகமானதால சுருங்குதுன்னு நண்பன் சொல்றான். சரி, பேஸிங் வேகத்தை மாத்தாம, பீட்டா ஏற்பியைத் தூண்டுற ஐசோப்ரினலின் விட்ட பல சோதனைகள்லயும் சுருங்கத்தான் செய்யுதே?

இன்னொரு கேள்வியும் இருக்கு. வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குறது பொட்டாசியம் சேனலைத் திறந்தா, இல்ல துடிப்பைத் தானா கிளப்ப உதவுற ஐஎஃப் கரண்ட்டைக் குறைச்சா? ஒரு புத்தகம் ஒண்ணு சொல்லுது, இன்னொண்ணு வேற சொல்லுது. தேர்வுக்கு எதை எழுதறதுன்னு கேக்கல, நிஜமா எதுன்னு தெரியணும்.

அரைவேக்காடு

சிம்பதெடிக் ஆக்சிலரேட்டர், வேகஸ் பிரேக். இதுக்கு இவ்வளவு பெரிய கேள்வியா?

மின்முனை

அரைவேக்காடு, பெயருக்கு ஏற்ற பதில். :) அந்த உவமையைப் பிடித்துக்கொண்டு போனால் தேன்சிட்டு மாட்டிக்கொண்ட இடத்தில்தான் போய் நிற்போம். ஆக்சிலரேட்டர் என்றால் ஒரு பெடல், ஒரு விளைவு. நார்அட்ரினலின் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடும் கரண்ட்டுகளைச் சேர்த்தே கூட்டுகிறது.

முதலில் பாதை. நார்அட்ரினலின் பீட்டா-1 ஏற்பியில் உட்காருகிறது. ஜிஎஸ் புரதம் அடினைலைல் சைக்ளேஸைத் தூண்ட, சைக்ளிக் ஏஎம்பி ஏறுகிறது. அது புரத கைனேஸ் ஏ-வை, சுருக்கமாகப் பிகேஏ-வை, அவிழ்த்துவிடுகிறது. இதுவரை எல்லாப் புத்தகமும் ஒன்றுதான். பிகேஏ எங்கெல்லாம் பாஸ்பேட்டை ஒட்டுகிறது என்பதைப் பார்த்தால்தான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் வரும்.

எல்-வகை கால்சியம் சேனல் ஒன்று. அட்ரினலின் கால்சியம் கரண்ட்டைக் கூட்டுவதை ராய்ட்டர் 1967-லேயே பர்க்கிஞ்சி இழைகளில் காட்டிவிட்டார். பிறகு பேட்ச் கிளாம்ப் வந்து ஒற்றைச் சேனலைப் பார்க்க முடிந்தபோது, ஒரு சேனல் திறந்திருக்கையில் ஓடும் கரண்ட்டின் அளவு மாறவே இல்லை என்று தெரிந்தது. மாறியது திறக்கும் வாய்ப்பு. முன்பு பெரும்பாலான தூண்டலுக்கு வாய் திறக்காமல் கிடந்த சேனல், இப்போது அடிக்கடி திறக்கிறது.

அதே பிகேஏ, ஐகேஎஸ் என்ற மெதுவான பொட்டாசியம் கரண்ட்டையும் கூட்டுகிறது. கேசிஎன்க்யூ1 என்ற சேனல் புரதமும் கேசிஎன்இ1 என்ற துணைப் புரதமும் சேர்ந்தது அது. பொட்டாசியம் வெளியே போவதால் சமதளத்தை முடித்துவைப்பது அதன் வேலை. பிகேஏ பட்டதும் அது சீக்கிரம் திறக்கிறது, மூடுவதற்கு நேரம் எடுக்கிறது. துடிப்பு வேகமானால் முந்தைய துடிப்பில் திறந்தவற்றில் ஒரு பங்கு மூடி முடிப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுகிறது, கரண்ட் சேர்ந்துகொண்டே போகிறது.

கால்சியம் சேனல் தன் வாலைத் தானே கடிக்கும் ஆசாமி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்த கால்சியமே கால்மாடுலின் என்ற புரதத்தின் வழியாக அந்தச் சேனலை மூடவைக்கும். நிறைய வந்தால் சீக்கிரம் மூடும். ஆக உச்சம் உயர்கிறது, ஆனால் அதே விகிதத்தில் நீளவில்லை. சுருக்கத்துக்குத் தேவையான கால்சியம் கிடைத்துவிடுகிறது, இதய அறை மறுபடி நிரம்ப நேரமும் மிஞ்சுகிறது. இதயம் வேகமாக ஓடும்போது சமதளம் நீண்டால் அடுத்த துடிப்பு அதன் மேல் ஏறி உட்காரும்.

தேன்சிட்டு

அண்ணா, அப்போ ஐகேஎஸ் பழுதானவங்களுக்கு நான் சொன்ன மாதிரியே நீளணுமே?

மின்முனை

நீள்கிறது. அதன் பெயர்தான் நீள் க்யூடி நோய்க்குறி வகை 1. கேசிஎன்க்யூ1 மரபணுவில் பிறழ்வு. இவர்களுக்குச் சும்மா இருக்கும்போது எடுத்த இசிஜி சில சமயம் கிட்டத்தட்ட இயல்பாகவே இருக்கும். ஓடவிட்டால் சுருங்க வேண்டிய க்யூடி சுருங்காது. நீங்கள் போட்ட கணக்கு இவர்கள் செல்லில் பலிக்கிறது: கால்சியம் கரண்ட் கூடுகிறது, ஈடுகட்டும் பொட்டாசியம் வரவில்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம். ஐகேஎஸ் சேனலின் வால் பகுதியில் யோட்டியாவோ என்ற ஒரு தாங்கு புரதம் ஒட்டியிருக்கிறது. பிகேஏ-வையும், பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியையும் சேனலுக்குப் பக்கத்திலேயே கட்டிவைப்பது அதுதான். 2002-ல் மார்க்ஸ், காஸ் குழுவினர் காட்டியது: பின்லாந்துக் குடும்பங்களில் பரவலாகக் காணப்படும் ஜி589டி பிறழ்வு இந்த யோட்டியாவோ ஒட்டும் இடத்தைக் கெடுக்கிறது. சேனல் இருக்கிறது, கரண்ட்டும் ஓடுகிறது, சைக்ளிக் ஏஎம்பி ஏறினால் மட்டும் அதற்குச் சேதி போய்ச் சேருவதில்லை.

இரவுப்பணி

மேலே சொன்னதற்கு மருத்துவப் பக்கத்திலிருந்து. வகை 1 நோயாளிகளுக்கு மயக்கமோ அதைவிட மோசமானதோ வருவது பெரும்பாலும் உடலுழைப்பின்போது. அதிலும் நீச்சல் பெயர்பெற்ற தூண்டுகோல். வகை 2-இல் வேறு பொட்டாசியம் கரண்ட் பழுது. அவர்களைத் திடீர் ஓசை சாய்க்கும், தூக்கத்தில் அலாரம், தொலைபேசி மணி. அதனால்தான் வரலாறு கேட்கும்போது "என்ன செய்துகொண்டிருந்தபோது மயங்கினார்" என்று குடைந்து கேட்கிறோம். வகை 1-இல் பீட்டா தடுப்பான் நன்றாகவே காப்பாற்றுகிறது. நாடோலால், புரோப்ரனோலால் இரண்டும் முன்னிலையில்.

சமன்பாட்டுக்காரன்

மின்முனை சொன்னதில் ஒரு இடைச்செருகல். ஐசோப்ரினலின் விட்ட உடனே அளந்தால், கொஞ்ச நேரத்துக்கு ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் நீளத்தான் செய்கிறது. கால்சியம் கரண்ட் முந்திக்கொண்டு ஏறுகிறது, ஐகேஎஸ் பின்தங்கி வருகிறது. அந்த இடைவெளியில் மாடலை ஓட்டினால் முன்-பின்னதிர்வுகள், அதாவது மறுமுனைவுறுதல் முடிவதற்குள் மின்னழுத்தம் மறுபடி மேலே துள்ளுவது, தோன்றி மறைகின்றன. முயல் செல்களில் செய்த சோதனையிலும் அதே கதை. நிலைத்த நிலையை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது. தேன்சிட்டு, உங்கள் உள்ளுணர்வு அந்த ஆரம்ப நொடிகளுக்குச் சரி.

தேன்சிட்டு

இது எங்க புத்தகத்துல ஒரு வரி கூட இல்ல! நன்றி சார்.

பிகேஏ கால்சியம் சேனல்ல எந்த இடத்துல பாஸ்பேட் ஒட்டுது? செரின் 1928னு படிச்சேன்.

மின்முனை

அந்தச் செரினை, அதாவது சேனல் புரதச் சங்கிலியில் 1928-வது இடத்து அமினோ அமிலத்தை, தேடி ஒரு தலைமுறையே போனது. 1928-ஐ அலனைனாக மாற்றிய எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். இதயம் அட்ரினலினுக்கு வழக்கம்போலவே பதில் சொன்னது. பிறகு 1700 என்றார்கள், அதுவும் தனியாக நிற்கவில்லை. கடைசியில் சேனலின் முதன்மைப் புரதத்தில் பிகேஏ ஒட்டக்கூடிய இடம் என்று ஐயப்பட்ட அத்தனையையும் ஒருசேர மாற்றினார்கள். அப்போதும் கரண்ட் கூடியது.

விடை 2020-ல் வந்தது. சேனலுக்குப் பக்கத்தில் ராட் என்று ஒரு சிறு ஜி புரதம் இருக்கிறது. சேனலின் பீட்டா துணையலகைப் பிடித்துக்கொண்டு அதைத் திறக்கவிடாமல் அடக்கி வைத்திருப்பது அதுதான். பிகேஏ பாஸ்பேட்டை ஒட்டுவது ராட் மேல். ஒட்டியதும் ராட் பிடியை விட்டுவிடுகிறது, சேனல் விடுபடுகிறது. சேனலிலேயே தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது இப்போது புரிகிறது. பீட்டா துணையலகோடு ஒட்ட முடியாதபடி சேனலை மாற்றிய எலிகளில் அட்ரினலின் விளைவு காணாமல்போயிருந்ததும் இதோடு பொருந்துகிறது.

செரின் 1928 என்று இன்னும் அச்சடிக்கும் புத்தகங்கள் பதிப்பைப் புதுப்பிக்க வேண்டும். அவ்வளவுதான் சொல்வேன்.

வெள்ளெருக்கு

இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. நான் தொடங்கிவைக்கிறேன்.

வேகஸ் என்றால் பொட்டாசியம் என்பதுதான் தொன்றுதொட்ட பதில். 1921-ல் ஓட்டோ லூவி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார்: ஒன்றின் வேகஸைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவதில் விட்டால் அதுவும் மெதுவாகிறது. நரம்பிலிருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் கசிகிறது என்பதற்கு அதைவிட எளிய சான்று இல்லை. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். 1936-ல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு. 1950-களில் டெல் காஸ்டில்லோ, காட்ஸ் நுண்மின்முனையை இறக்கிப் பார்த்தபோது, வேகஸைத் தூண்டினால் செல்லின் உள்மின்னழுத்தம் இன்னும் எதிர்மறையாகச் சரிவதை நேரிலேயே கண்டார்கள். பொட்டாசியம் வெளியே போனால் அப்படித்தான் சரியும். எனவே என் ஓட்டு அசிட்டைல்கோலின் திறக்கும் பொட்டாசியம் கரண்ட்டான ஐகேஏசிஎச்-க்கு.

சமன்பாட்டுக்காரன்

தொன்றுதொட்ட பதில், ஆனால் அரைப் பதில். அந்தச் சோதனைகளில் வேகஸைப் பலமாகத் தூண்டினார்கள். அன்றாடம் உட்கார்ந்திருக்கும் மனிதனின் வேகஸ் அவ்வளவு கத்துவதில்லை.

துடிப்பு பிறக்கும் இடமான எஸ்ஏ கணுவின் செல்லில் துடிப்புக்குத் துடிப்பு மின்னழுத்தம் சுமார் −60 மில்லிவோல்ட்டிலிருந்து தானாக மேலேறுகிறது. அந்த ஏற்றத்தில் ஐஎஃப் கரண்ட்டுக்குப் பங்குண்டு. 1979-ல் பிரௌன், டிஃப்ரான்செஸ்கோ, நோபிள் மூவரும் முயலின் எஸ்ஏ கணுவில் அட்ரினலின் இந்தக் கரண்ட்டைக் கூட்டுவதைக் காட்டினார்கள். மற்றவை மின்னழுத்தம் ஏறினால் திறக்கும், இது இறங்கினால் திறக்கும்; வேடிக்கையான கரண்ட் என்று பெயர் வைத்தது அதனால்தான். 1991-ல் டிஃப்ரான்செஸ்கோவும் டோர்டோராவும் செல் சவ்வின் ஒரு துண்டைப் பிய்த்து, உட்பக்கத்தை வெளியே திருப்பி, சைக்ளிக் ஏஎம்பி-யை நேரடியாகத் தடவினார்கள். பிகேஏ இல்லை, ஏடிபி இல்லை. சேனல் அப்படியும் பதில் சொன்னது. சைக்ளிக் ஏஎம்பி சேனலிலேயே போய் உட்காருகிறது, திறக்கும் மின்னழுத்த எல்லை சுமார் 10 மில்லிவோல்ட் மேலே நகர்கிறது. பாஸ்பேட் கதை இங்கே வேண்டாம்.

இப்போது வேகஸுக்கு வருவோம். அசிட்டைல்கோலின் எம்2 ஏற்பி வழியாக ஜிஐ புரதத்தைத் தூண்டி சைக்ளிக் ஏஎம்பி-யைக் குறைக்கிறது. அதனால் ஐஎஃப் குறைகிறது. 1989-ல் டிஃப்ரான்செஸ்கோ குழு அளந்தபோது, ஐஎஃப்-ஐக் குறைக்கப் போதுமான அசிட்டைல்கோலின் மிக மிகக் குறைவு, நானோமோலார் கணக்கு. பொட்டாசியம் கரண்ட்டைத் தொட அதைப் போல ஏறக்குறைய 20 மடங்கு தேவைப்பட்டது. மெல்லிய வேகஸுக்கு ஐஎஃப், பலத்த வேகஸுக்குப் பொட்டாசியம். என் ஓட்டு அங்கே.

வெள்ளெருக்கு

முயலில் அது. எலியில் 1998-ல் விக்மன், கிளாப்ஹாம் குழுவினர் ஐகேஏசிஎச் சேனலுக்கான ஜிஐஆர்கே4 மரபணுவையே நீக்கினார்கள். ஐகேஏசிஎச் அடியோடு போய்விட்டது. ஓய்வுத் துடிப்பு பெரிதாக மாறவில்லை, இது உங்களுக்குச் சாதகம். ஆனால் வேகஸ் விளைவில் ஏறக்குறையப் பாதி போனது. அதைவிட முக்கியம், துடிப்புக்குத் துடிப்பு வரும் நுண்ணிய ஏற்ற இறக்கம் மங்கிவிட்டது. மூச்சோடு ஒட்டித் துடிப்பு மாறுவது ஒரு சில நூறு மில்லி நொடியில் நடக்க வேண்டிய வேலை. சைக்ளிக் ஏஎம்பி ஏறி இறங்கி, நொதிகள் அதைத் தின்று, என்று காத்திருந்தால் ஆகுமா?

சமன்பாட்டுக்காரன்

பாதி போனால் பாதி மிச்சம் என்றும் படிக்கலாம்.

மின்முனை

இருவரும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். வேகத்தைப் பற்றி வெள்ளெருக்கு சொன்னது வலுவான வாதம், அது ஏன் அவ்வளவு வேகம் என்பதற்குப் பின்னால் ஒரு அருமையான சோதனை இருக்கிறது. விரித்தே சொல்கிறேன்.

1984, சோயெஜிமா, நோமா. முயலின் ஏட்ரியம் (இதய மேலறை) செல். நுனி ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள கண்ணாடிப் பிப்பெட்டை செல் மேல் மெல்ல அழுத்தி, உறிஞ்சி, சவ்வோடு இறுக ஒட்டவைக்கிறார்கள். இப்போது பிப்பெட் வாய்க்குள் அகப்பட்ட சேனல்களின் கரண்ட் மட்டும்தான் திரையில் தெரியும். செல்லின் மற்ற பகுதி வெளியே, குளியல் திரவத்தில். குளியல் திரவத்தில் அசிட்டைல்கோலின் விட்டார்கள். பிப்பெட்டுக்குள் இருக்கும் சேனல்கள் அசையவே இல்லை. பிப்பெட்டுக்கு உள்ளேயே அசிட்டைல்கோலினை விட்டதும் படபடவென்று திறக்கத் தொடங்கின.

இதன் பொருள் என்ன? செல்லுக்குள் மிதந்து பரவும் தூதன் எதுவும் இதில் இல்லை. இருந்திருந்தால் வெளியே தூண்டியதன் சேதி உள்ளே நீந்தி வந்து பிப்பெட்டுக்குக் கீழே இருக்கும் சேனலையும் திறந்திருக்கும். ஏற்பியும் சேனலும் சவ்வுக்குள்ளேயே, அக்கம்பக்கத்தில், நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. அடுத்த ஆண்டே இரண்டு குழுக்கள் நடுவில் ஜி புரதம் இருப்பதைக் காட்டின: ஜிடிபி (GTP) இல்லாவிட்டால் நடக்காது, கக்குவான் நச்சைப் போட்டாலும் நின்றுவிடும்.

ஜி புரதத்தில் எந்தத் துண்டு சேனலைத் திறக்கிறது என்பதில்தான் உண்மையான குடுமிப்பிடிச் சண்டை. 1987-ல் லோகோதெட்டிஸ், கிளாப்ஹாம், நீர் ஆகியோர் பீட்டா-காமா துண்டு என்றார்கள். அன்றைய நம்பிக்கைப்படி ஆல்ஃபாதான் ஆள், பீட்டா-காமா வெறும் துணைக்கு நிற்பது. எதிரணி ஆல்ஃபா என்று அடித்துச் சொன்னது; பீட்டா-காமாவைக் கரைத்துவைக்கப் பயன்பட்ட சோப்புப் பொருள்தான் சேனலைத் திறந்திருக்கும் என்றுகூட எழுதினார்கள். பல ஆண்டு இழுபறி. பீட்டா-காமாவே வென்றது. 2013-ல் மெக்கின்னன் ஆய்வகம் நரம்புகளில் இருக்கும் ஜிஐஆர்கே2 சேனலின் படிக அமைப்பை வெளியிட்டபோது, ஒரு சேனலைச் சுற்றி 4 பீட்டா-காமா உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது.

ஆகவே பொட்டாசியப் பாதையில் இடைத்தரகர் ஒருவர்தான். ஐஎஃப் பாதையில் நொதி, சைக்ளிக் ஏஎம்பி, அதைச் சிதைக்கும் நொதி என்று வரிசை. முன்னது துடிப்புக்குத் துடிப்பு வேலை செய்யும், பின்னது அடித்தளத்தை நகர்த்தும். என் ஓட்டைக் கேட்டால், யாருக்கும் முழுதாகத் தரமாட்டேன்.

சமன்பாட்டுக்காரன்

இது அரசியல்வாதி பதில். ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கால்சியம் கடிகாரக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். லகாட்டா, மால்ட்செவ் தரப்பு சொல்வது: எஸ்ஏ கணுவின் செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கு தானாகவே தாளகதியில் கசிகிறது. கசிந்த கால்சியத்தைச் சோடியம்-கால்சியம் பரிமாற்றி வெளியே தள்ளும்போது 3 சோடியம் உள்ளே, 1 கால்சியம் வெளியே. கணக்குப் போட்டால் ஒரு நேர்மின்சுமை உள்ளே வருகிறது, மின்னழுத்தம் ஏறுகிறது. அட்ரினலின் அந்தக் கிடங்கை நிரப்பும் பம்பை வேகப்படுத்துவதால் கடிகாரமும் வேகமாகிறது.

ஐஎஃப் சேனலுக்கான எச்சிஎன்4 மரபணுவை நீக்கிய எலிகளும் இந்த வழக்கைத் தீர்த்துவைக்கவில்லை. 2007-ல் ஒரு குழு, இடையிடையே துடிப்பு நின்று போகிறது, ஆனால் அட்ரினலினுக்கு வேகம் கூடத்தான் செய்கிறது என்றது. 2011-ல் இன்னொரு குழு, துடிப்பு படுமோசமாகக் குறைந்து, ஏட்ரியத்திலிருந்து வென்ட்ரிக்கிளுக்கு மின்சேதி தடைபடும் ஏவி தடையும் வந்தது என்றது. இரண்டு கடிகாரமும் பின்னிக்கிடக்கின்றன என்றுதான் இப்போது பெரும்பாலோர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. எதைக் காட்டினாலும் பொருந்திப்போகிற கோட்பாட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் ஐயம் உண்டு.

வெள்ளெருக்கு

மனித மரபியலைப் பார்த்தால் ஐஎஃப் பக்கம் கொஞ்சம் சாயலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். 2006-ல் வெளியான ஒரு குடும்பத்தின் எச்சிஎன்4 பிறழ்வு, சேனல் திறக்கும் எல்லையைக் கீழே தள்ளுகிறது. மெல்லிய அசிட்டைல்கோலின் செய்யும் அதே வேலை, நிரந்தரமாக. அவர்களுக்கு ஓய்வுத் துடிப்பு மந்தம், வேறு பெரிய தொந்தரவு இல்லை.

பனிமலர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு இவாப்ரடின் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் பேசும் ஐஎஃப்-ஐத் தடுக்கும் மருந்து என்று படித்தேன். வெளிச்சம் மாறும்போது கண்ணில் மின்மினி மாதிரி தெரிகிறது என்கிறார். நிறுத்திவிடலாமா?

இரவுப்பணி

நீங்களாக நிறுத்தாதீர்கள் பனிமலர். மருத்துவரிடம் இந்த அறிகுறியைச் சொல்லுங்கள், அளவை மாற்றுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார். அந்த மின்மினி இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. எச்சிஎன் சேனல்களின் உறவுக்கார வகை விழித்திரையிலும் இருக்கிறது, மருந்து அதையும் கொஞ்சம் தொடுகிறது. பெரும்பாலும் தானாக அடங்கும். இரவில் வண்டி ஓட்டுகிறவர் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெராபமில், டில்டியசெம் ஏதாவது கூடவே எடுக்கிறாரா என்று மருந்துச் சீட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள், அவற்றோடு இதைச் சேர்க்கக் கூடாது.

பனிமலர்

நன்றி டாக்டர். இல்லை, அவை எடுக்கவில்லை. வரும் வாரம் காட்டுகிறோம்.

தேன்சிட்டு

டாக்டர் அக்கா, பொட்டாசியம் கரண்ட் திறக்கிறதை நோயாளிகிட்ட நேர்ல பார்க்க முடியுமா?

இரவுப்பணி

பார்க்கலாம். அடினோசின் கொடுக்கும்போது.

அடினோசின் ஏ1 ஏற்பியில் உட்கார்ந்து, அசிட்டைல்கோலின் திறக்கும் அதே பொட்டாசியம் சேனலை அதே ஜிஐ வழியாகத் திறக்கிறது. ஏட்ரியத்திலிருந்து வென்ட்ரிக்கிளுக்கு மின்சேதியைக் கடத்தும் ஏவி கணு கொஞ்ச நேரம் கடத்தாமல் போகும். எஸ்விடி என்ற வேகத்துடிப்புக் கோளாறில் மின்னோட்டம் பெரும்பாலும் ஏவி கணு வழியாகத்தான் சுற்றுகிறது, அந்த வளையம் அறுந்துவிடும். 6 மில்லிகிராம், இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய சிரையில் ஒரே தள்ளாக, பின்னாலேயே உப்பு நீர். மெதுவாக ஏற்றினால் பயனில்லை, இரத்தத்தில் அதன் அரை ஆயுள் 10 நொடிக்கும் குறைவு, போய்ச் சேர்வதற்குள் செல்கள் விழுங்கிவிடும். பலிக்காவிட்டால் 12.

மானிட்டரில் 180, 190 என்று நெருக்கமாக ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று நீட்டி நிமிரும். சில நொடி ஒன்றுமே இருக்காது. அறையில் யாரும் பேசமாட்டார்கள். நோயாளி "என்னமோ பண்ணுது, மூச்சு அடைக்குது" என்பார், முகம் சிவக்கும். நெஞ்சில் ஏதோ உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது, இல்லாவிட்டால் அவர் பயத்துக்கு நாமும் சேர்ந்து பயப்பட வேண்டிவரும். பிறகு ஒன்றிரண்டு கோணல் துடிப்பு, அதன் பின் ஒழுங்கான சைனஸ் தாளம்.

இரண்டு எச்சரிக்கை. ஆஸ்துமா மருந்தான தியோஃபிலின் எடுப்பவருக்கு அந்த ஏற்பி ஏற்கெனவே அடைபட்டிருக்கும், வழக்கமான அளவு வேலை செய்யாமல் போகலாம். அதே பொட்டாசியம் ஏட்ரியத்தின் ஆக்‌ஷன் பொட்டென்ஷியலையும் சுருக்குவதால், சிலருக்கு ஏட்ரிய நடுக்கம் கிளம்பும். டிஃபிப்ரிலேட்டர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடுவதில்லை.

அரைவேக்காடு

சரி, ஆக்சிலரேட்டர் பிரேக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். அசிட்டைல்கோலின் வென்ட்ரிக்கிளில் ஒன்றுமே செய்யாது என்று படித்தேன். பிறகு எதற்கு அங்கே எம்2 ஏற்பி?

மின்முனை

இது நல்ல கேள்வி. பாலூட்டியின் வென்ட்ரிக்கிள் செல்லை எடுத்து அசிட்டைல்கோலினை மட்டும் விட்டால் கால்சியம் கரண்ட் பெரும்பாலும் அசையாது. முதலில் ஐசோப்ரினலின் விட்டுக் கரண்ட்டை ஏற்றிவைத்து, பிறகு அசிட்டைல்கோலின் விட்டுப் பாருங்கள். ஏறியது கணிசமாக இறங்கும். சைக்ளிக் ஏஎம்பி ஏறியிருந்தால்தான் அதைக் குறைக்க முடியும், தரையில் கிடப்பதை எங்கே குறைப்பது? சிம்பதெடிக் வலுவாக இருக்கும்போது வேகஸின் விளைவு இன்னும் பெரிதாகத் தெரிவதும் இதனால்தான். இரண்டையும் கூட்டிக் கழித்து நிகரம் காண முடியாது.

இடமும் முக்கியம். 1996-ல் ஜுரெவிச்சியஸ், ஃபிஷ்மைஸ்டர் ஒரு தவளை வென்ட்ரிக்கிள் செல்லைப் பிடித்து ஒரு பாதிக்கு ஒரு திரவம், மறு பாதிக்கு வேறு திரவம் ஓடும்படி வைத்தார்கள். ஒரு பாதியில் மட்டும் ஐசோப்ரினலின் விட்டபோது பெரும்பாலும் அந்தப் பாதியின் கால்சியம் சேனல்கள்தான் கேட்டன. ஏற்பியைத் தாண்டி நொதியையே நேராகத் தூண்டும் ஃபோர்ஸ்கோலினை விட்டால் மறு பாதியும் கேட்டது. சைக்ளிக் ஏஎம்பி செல் முழுக்கச் சீராகக் கரைந்துகிடக்கும் பொருள் என்ற படத்தை அழித்துவிடுங்கள். பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதிகள் அங்கங்கே அதைத் தின்று எல்லை கட்டுகின்றன.

வெள்ளெருக்கு

ஆல்ஃபா-1, எண்டோதெலின், ஆஞ்சியோடென்சின் எல்லாம் விட்டுப்போயின. ஆல்ஃபா-1 தற்காலிக வெளியோட்டப் பொட்டாசியத்தைக் குறைக்கும் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்குத் தனி இழை வேண்டும்.

தேன்சிட்டு

அப்போ இதயம் பலவீனமானவங்களுக்கு நார்அட்ரினலின் எப்பவும் கூடுதலா இருக்குமே, கால்சியம் கரண்ட்டும் எப்பவும் கூடுதலா இருக்குமா?

மின்முனை

ஓயாமல் கத்தினால் காது மரத்துப்போகும். செயலிழந்த மனித இதயங்களில் பீட்டா ஏற்பிகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருப்பதை பிரிஸ்டோ குழு 1982-ல் காட்டியது. ஜிஆர்கே2 என்ற கைனேஸ் ஏற்பியைக் குறிவைக்கிறது, அரெஸ்டின் வந்து மூடுகிறது, பின் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவசரத்துக்குக் கூடுதல் கால்சியம் கேட்டால் கிடைப்பதில்லை. ஆனால் தீங்கு மட்டும் குறைவதில்லை: கிடங்கின் ரயனோடின் சேனல் கசிகிறது, பரிமாற்றி மிகுந்திருக்கிறது, கசிந்த கால்சியம் நேரங்கெட்ட நேரத்தில் துடிப்பைக் கிளப்புகிறது. கசிவுக்கு பிகேஏ காரணமா, கால்மாடுலின் கைனேஸ் காரணமா என்பதில் இன்னும் அடிதடி. இதயத் திறனைக் குறைக்கும் என்று ஒரு காலத்தில் தவிர்த்த பீட்டா தடுப்பானே இன்று இந்த நோய்க்கு அடிப்படை மருந்து. 1999-ல் பெரிய சோதனைகள் இரண்டு அதை உறுதிசெய்தன.

தேன்சிட்டு

கடைசியா ஒண்ணு. மாற்று இதயம் பொருத்தினவங்களுக்கு நரம்பே அறுந்திருக்குமே. அவங்க கரண்ட்டெல்லாம் என்ன ஆகும்?

இரவுப்பணி

ஓய்வுத் துடிப்பு 90, 100 என்று நிற்கும். வேகஸ் இழுத்துப்பிடிக்க ஆளில்லாத இதயத்தின் சொந்த வேகம் அது. அட்ரோபின் போட்டால் ஏறாது, தடுப்பதற்கு அங்கே அசிட்டைல்கோலின் வருவதே இல்லை. ஐசோப்ரினலின் வேலை செய்யும், ஏற்பி இருக்கிறதே. ஓடத் தொடங்கினால் துடிப்பு உடனே ஏறாது, இரத்தத்தில் அட்ரினலின் சுற்றி வந்து சேர வேண்டும். ஓடி நின்ற பிறகும் இறங்க நேரமாகும். அடினோசினுக்கு மட்டும் அளவுக்கு மீறிப் பணியும், அதனால் 3 மில்லிகிராமில் தொடங்குவோம். சில ஆண்டுகளில் சிலருக்கு நரம்பு ஓரளவு மறுபடி முளைக்கிறது, அப்போது கணக்கு மாறும்.

அரைவேக்காடு

டைஜாக்சின்?

இரவுப்பணி

துடிப்பு வேகத்தைக் குறைக்க அங்கே உதவாது. ஏவி கணுவில் அதன் வேலை பெரும்பாலும் வேகஸ் வழியாகத்தான்.